அபாயப் பலகையும் மீட்புப் பலகையும்: கொங்கு நாட்டில் மின் அதிர்ச்சி முதலுதவியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நினைவிழந்து மூச்சு நின்ற ஒருவரின் மார்பை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். முறை, மருத்துவமனைகளின் வழியே மக்களிடம் வந்து சேர்ந்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை அதன் முன்வரலாறு மின்சாரத்தோடு பிணைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் இப்பகுதியின் ஆலைக்கும் கிணற்றுக்கும் வழி திறந்தது. ஆனால், மின் அதிர்ச்சிக்கு ஆளானவரை மீட்கும் முறையை எழுதித் தொங்கவிட வேண்டும் என்ற சட்டக் கடமை ஆலையோடு நின்றது. இவ்வேறுபாடும், ‘செயற்கைச் சுவாசம்’, ‘மாரடைப்பு’ ஆகிய சொற்கள் முதலுதவி பற்றிய பொது அறிவை வடிவமைத்த விதமும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, மின் அதிர்ச்சி, முதலுதவி, செயற்கைச் சுவாசம், மார்பழுத்தம், கிணற்றுப் பாசனம்

முன்னுரை

கொங்குப் பகுதியில் எந்த ஊருக்குச் சென்றாலும் மின்மாற்றிக் கம்பத்தில் ஒரு தகரப் பலகையைக் காணலாம். மண்டையோடு, குறுக்காக இரண்டு எலும்புகள், ‘அபாயம்’ என்ற சொல், மின்னழுத்தத்தின் அளவு. எழுத்தறியாதவருக்கும் அதன் பொருள் விளங்கும். மின்துறைக்கு இன்னொரு பலகையும் உண்டு. நூற்பாலைகளின் மின்விசை அறையிலும் துணைமின் நிலையச் சுவரிலும் தொங்கும் அப்பலகை, மின் அதிர்ச்சியால் மூச்சிழந்தவரை மீட்கும் முறையைப் படங்களோடு விளக்குவது. முதலாவது ‘தொடாதே’ என்கிறது. இரண்டாவது, தொட்டு வீழ்ந்தவரை எவ்வாறு தொடுவது என்று கற்பிக்கிறது. ஊரார் அனைவரும் கண்டது முதற்பலகையை மட்டுமே.

இரண்டு பலகைகளும் ஒரே சட்டத்தொகுப்பில் பிறந்தவை. ஒன்று வயல்வெளிவரை வந்ததும் மற்றொன்று ஆலை வாயிலைத் தாண்டாததும் எவ்வாறு நேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் வினா. தமிழக மருத்துவ வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனை, கொள்ளைநோய், சித்த மருத்துவம், அச்சு நூல்கள் ஆகியவற்றையே மையமிடுகின்றன. மருத்துவர் வந்து சேருமுன் கழியும் சில நிமிடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சட்ட விதிகளிலும் பயிற்சிப் பாடங்களிலும் அன்றாடச் சொற்களிலும்தான் தேட வேண்டியுள்ளது.

உயிரும் உயிர்ப்பும்

தமிழில் உயிர் என்பது மூச்சோடு பிரிக்கவியலாதது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணும் மெய்ப்பாடுகளுள் ‘உயிர்ப்பு’ ஒன்று. மூச்சை நெடிதாக விடுதல் அதன் பொருள். உயிர்த்தல் என்னும் வினையே மூச்சுவிடுதலையும் உயிரோடிருத்தலையும் ஒருங்கே குறிக்கும். சித்த மருத்துவத்தின் பத்து வாயுக் கோட்பாடு இப்பார்வையை உடலியலாக விரித்தது. பிராணன் முதலிய ஒன்பது வாயுக்கள் நீங்கிய பின்னும் தனஞ்செயன் என்னும் பத்தாம் வாயு உடலில் தங்கியிருந்து பின்னரே வெளியேறும் என அம்மரபு கருதியது. இறப்பு ஒரு கணத்தில் முடிவதன்று, படிப்படியாக நிகழ்வது என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது. அடிபட்டு மயங்கியவரை எழுப்ப வர்ம மருத்துவத்தில் அடங்கல்களைத் தூண்டும் முறையும், சுக்கை மென்று காதிலும் மூக்கிலும் ஊதும் முறையும் இருந்தன. இவற்றைச் சி.பி.ஆரின் முன்னோடி எனக் கூறுவார் உளர். இதயம் நின்ற நிலைக்கும் வர்ம மயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறைப்பதால் அக்கூற்றை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை. ஆயினும், மயங்கிக் கிடப்பவர் மீளக்கூடியவர், அவர்மீது கை வைக்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்கு அவை சான்றாகும்.

நாடி பார்த்தல் சித்த மரபில் உயர்ந்த கலையாக விளங்கியது. அது மருத்துவரின் கலை. வீட்டாரும் ஊராரும் பார்த்தது மூச்சைத்தான். ‘பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார்’ என்ற தொடர் இன்றும் நாம் சொல்லும் முதல் நோயறிதல். முதலுதவியாளர் பார்க்க வேண்டிய இரண்டு குறிகள், அழைத்தால் பதில் இல்லாமையும் இயல்பான மூச்சு இல்லாமையும், அத்தொடரில் அப்படியே உள்ளன.

முதுகை அழுத்திய காலம்

ஐரோப்பாவிலும் தொடக்கம் நீரில் மூழ்கியோரிடமிருந்தே. மூழ்கியோரை மீட்பதற்கென 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774இல் இலண்டனிலும் சங்கங்கள் எழுந்தன. வாயோடு வாய் வைத்து ஊதுதல், துருத்தியால் காற்றடித்தல் முதல் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்துதல் வரை அவை பரிந்துரைத்தன. 19ஆம் நூற்றாண்டில் வாய்முறை பின்தள்ளப்பட்டுக் கைம்முறைகள் மேலோங்கின. 1858இல் சில்வெஸ்டர், மல்லாந்து கிடப்பவரின் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி மார்பில் இறக்கி அழுத்தும் முறையை வகுத்தார். 1903இல் ஷேஃபர், குப்புறக் கிடத்தி முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்துவதே சிறந்தது என்றார். 1932இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன், முதுகை அழுத்தி முழங்கையை உயர்த்தும் முறையை அறிமுகம் செய்தார். இந்நீல்சனே நம் தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்பணியாளர் பாடங்களில் ‘நெல்சன்’ ஆகி இன்றும் உலவுகிறார்.

இம்முறைகள் அனைத்துக்கும் தமிழில் வழங்கிய பொதுப்பெயர் ‘செயற்கைச் சுவாசம்’. மூச்சு மட்டுமே நின்றுள்ளது, இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது என்ற முன்முடிவு இப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. நீரில் மூழ்கியவரிடம் தொடக்கத்தில் இது பெரும்பாலும் உண்மை. மின்சாரம் தாக்கியவரிடம் பலபோது பொய். ஜெனீவாவைச் சேர்ந்த பிரெவோ, பட்டெல்லி ஆகிய இருவரும் 1899இலேயே நாய்களிடம் செய்த சோதனையில், மின்னோட்டம் இதயக் கீழறைகளைத் தாறுமாறாக நடுங்கச் செய்வதையும், வலுவான மற்றோர் அதிர்ச்சி அந்நடுக்கத்தை நிறுத்துவதையும் கண்டிருந்தனர். அவ்வறிவு சோதனைக் கூடத்திலேயே தங்கிவிட்டது. மின்சாரம் உலகெங்கும் பரவிய அரை நூற்றாண்டில், இதயம் நடுங்கி நின்றவரின் முதுகைத்தான் கைகள் அழுத்தின.

பைக்காரா மின்சாரமும் கொங்குக் கிணறும்

கொங்கு நாடு அவ்வரை நூற்றாண்டுக்குள் வந்து நுழைந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கி மலையடிவாரச் சமவெளிக்கு மலிவான விசையைக் கொண்டுவந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய கோயம்புத்தூரின் நூற்புத் தொழில் 1930களில் பல்கிப் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பொருளியல் வரலாற்றாளர்கள் நன்கறிந்தது. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உருவாக்கிய மின்மோட்டார் இந்தியாவின் முதலாவது எனப் போற்றப்படுகிறது. அதன் பின் பம்புசெட்டுத் தொழில் இந்நகரின் அடையாளமாயிற்று.

மழைமறைவு நிலமான கொங்கில் வேளாண்மை கிணற்றை நம்பியது. கவலை ஏற்றத்தில் மாடுகள் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலேறி வாய்க்காலில் கவிழும். இறைப்பவர் கிணற்றின் மேல்மட்டத்தில் நிற்பார். மின்மோட்டார் இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. மையவிலக்குப் பம்பு நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7 மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்றாது. இது காற்றழுத்தம் விதிக்கும் எல்லை. கொங்குக் கிணறுகளோ அதைவிடப் பன்மடங்கு ஆழமானவை. எனவே கிணற்றுக்குள்ளேயே திட்டு அமைத்து மோட்டாரை இறக்கி வைத்தனர். நீர்மட்டம் தாழத் தாழ மோட்டாரும் தாழ்ந்தது. அதைப் பழுது பார்க்கவும், பம்பில் நீரூற்றி ஓட்டவும் உழவரோ பண்ணையாளோ ஈரப்படிகளில் இறங்க வேண்டியதாயிற்று. ஈரமான கை, நனைந்த கால், மும்முனை மின்சாரம், நாற்புறமும் பாறைச் சுவர், அடியில் நீர். மின் அதிர்ச்சியும் நீரில் மூழ்கலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழக்கூடிய பணியிடம் இவ்வாறு உருவாயிற்று. ஆலைத் தொழிலாளிக்கு அருகில் நூறு பேர் இருப்பர். கிணற்றுக்குள் இறங்கியவர் பெரும்பாலும் தனித்தே இருந்தார். பிற்காலத்தில் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் பரவிய பின் இந்நிலை ஓரளவு மாறியது. அப்போது அபாயம் வரப்பின்மேல் உள்ள சுவிட்சுப் பெட்டிக்கு இடம் பெயர்ந்தது.

கிணற்று மின்சாரம் கொங்கின் அரசியலையே மாற்றியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் எழுந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் உழவர்கள் மாட்டுவண்டிகளால் கோவையைத் திணறச் செய்தனர். 1990இல் உழவர் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. இப்போராட்டங்களின் நடுநாயகமான கோரிக்கை மின்சாரத்தின் விலை. அம்மின்சாரத்தைத் தொட நேர்ந்த உடலைப் பற்றிய கேள்வி அவற்றின் ஓரத்தில்கூட உரக்க எழவில்லை என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

விதி 35, விதி 44

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளுள் இரண்டு இங்கு ஒப்பிடத்தக்கவை. விதி 35 அபாய அறிவிப்பைப் பற்றியது. நடுத்தர, உயர், மிகை உயர் மின்னழுத்தம் கொண்ட ஒவ்வொரு மோட்டாரிலும் மின்மாற்றியிலும் மண்டையோடு, எலும்புச் சின்னத்துடன் வட்டார மொழியிலும் அறிவிப்பு பொருத்தப்பட வேண்டும் என்றது. மும்முனை மோட்டார் இவ்வரையறைக்குள் அடங்குவதால் கிணற்றடியும் இவ்விதிக்கு உட்பட்டது.

விதி 44 மின் அதிர்ச்சியுற்றவரை மீட்கும் அறிவுரைகளைப் பற்றியது. இவ்வறிவுரைகளும் வட்டார மொழியில் அமைய வேண்டும். பார்வையில் படும்படி பொருத்தப்பட வேண்டும். இவற்றைப் பணியாளர் அறிந்திருப்பதோடு செயற்படுத்தும் திறனும் பெற்றிருப்பதை உரிமையாளர் உறுதிசெய்ய வேண்டும். உயர் அழுத்த நிலையங்களில் செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்க வேண்டும். படிக்கும்போது வியப்பளிக்கும் அளவுக்கு முற்போக்கான விதி இது. ஆனால் இது பொருந்தும் இடங்கள் மின்னாக்க நிலையம், துணைமின் நிலையம், சுரங்கம், தொழிற்சாலைச் சட்டத்தின் வரையறைக்குள் வரும் தொழிற்சாலை ஆகியவையே. பிற இடங்களுக்கு மின் ஆய்வாளர் எழுத்துவழி ஆணையிட்டால் மட்டுமே பொருந்தும். உழவரின் மோட்டார் அறை அந்தப் ‘பிற இட’த்தில் அடங்கியது.

தொழிற்சாலை என்பதன் எல்லையும் இங்குக் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்விசை பயன்படும் இடத்தில் குறைந்தது 10 பேர் பணியாற்றினால்தான் அது தொழிற்சாலை. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் என அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு வகுத்த ஏற்பாடு பெரிய நூற்பாலைகளுக்குப் பொருந்தியது. சோமனூர், பல்லடம் பகுதிகளில் வீட்டை ஒட்டிச் சில தறிகளோடு இயங்கிய சிறு விசைத்தறிக் கூடம் இவ்வரையறைக்கு வெளியே நின்றது. ஆக, கொங்கின் மின்சாரம் ஆலை, தறிக்கூடம், கிணறு என மூன்று இடங்களில் மனித உடலைச் சந்தித்தது. மீட்புப் பலகை அவற்றுள் ஒன்றில் மட்டுமே கட்டாயமாயிற்று. அபாயப் பலகையோ எங்கும் சென்றது.

அறிவியலைத் தமிழில் எழுத ஆளில்லாமையால் இது நேர்ந்தது எனக் கூற முடியாது. மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடலியலையும் அறுவை மருத்துவத்தையும் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் நூல்களாக்கியிருந்தார். கொங்கு மண்ணோ 20ஆம் நூற்றாண்டு அறிவியல் தமிழின் உலைக்களங்களுள் ஒன்று. ஜி. ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ கோவையிலிருந்து வெளிவந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் கொங்கு நாட்டுப் பெரியசாமித் தூரன். அறிவு தமிழில் இருந்தது. கிணற்றடிக்கு அதைக் கொண்டு செல்லும் கடமையே எவர்மீதும் சுமத்தப்படவில்லை.

மின்பொறியாளர் ஒருவரின் கண்டுபிடிப்பு

கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் உயிர்மீட்பு அறிவியல் அடியோடு மாறியது. 1950களில் ஜேம்ஸ் எலமும் பீட்டர் சாஃபரும், முதுகையும் கையையும் இயக்கும் பழைய முறைகளைவிட வாய்வழி ஊதுதலே நுரையீரலுக்குப் போதிய காற்றை அளிப்பதை நிறுவினர். குப்புறக் கிடப்பவரின் மூச்சுப்பாதை அடைபட்டிருக்கும் என்பதே பழைய முறைகளின் அடிப்படைக் குறை.

மார்பழுத்தத்தின் பிறப்பு இக்கட்டுரைக்கு மேலும் நெருக்கமானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கூவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியாளர். அமெரிக்க மின்நிறுவனங்கள் தம் கம்பிப் பணியாளர்கள் மின் அதிர்ச்சியால் இறப்பதைக் கண்டு அளித்த நிதியால் அவர் ஆய்வு நடந்தது. 1958இல் அவர் குழுவைச் சேர்ந்த கை நிக்கர்பாக்கர், நாயின் மார்பில் மின்தகடுகளைப் பதித்து அழுத்தியபோது, மின்சாரம் பாயும் முன்னரே குருதி அழுத்தம் உயர்வதைக் கவனித்தார். இதயம் நின்றிருந்தும் மார்பை அழுத்தினால் குருதி ஓடுகிறது! கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை, இம்முறையில் 20 நோயாளிகளுள் 14 பேர் பிழைத்ததை அறிவித்தது. கெட்டிங்கனின் மாஸ் என்ற மருத்துவர் 1892இலேயே இதைச் செய்து எழுதியிருந்தும் அது மறக்கப்பட்டிருந்தது. ஆக, இன்று இதய நோயின் முதலுதவியாக அறியப்படும் மார்பழுத்தம், மின்கம்பத்தில் ஏறியவர்களின் சாவிலிருந்து பிறந்தது.

1956ஆம் ஆண்டின் விதி இம்மாற்றத்துக்கு நான்காண்டு முந்தியது. எந்த முறையில் மீட்க வேண்டும் என்று விதி கூறாததால், பலகை அச்சிடுவோர் அறிந்த முறையே பலகையில் ஏறியது. ஒருமுறை சுவரில் ஏறிய பலகை எளிதில் இறங்குவதில்லை. ‘நெல்சன்’ முறை பாட நூலில் வாய்முறையோடும் மார்பழுத்தத்தோடும் சமமாக அமர்ந்திருப்பது, புதிய அறிவு வந்தபோது பழையதை நீக்காமல் பக்கத்தில் சேர்த்துவைத்ததன் விளைவாகும்.

வாயும் எச்சிலும்

வாய்வழி ஊதுதல் தமிழ்ச் சமூகத்தில் எதிர்கொண்ட தடையை மருத்துவ நூல்கள் தொற்றச்சம் என்ற சொல்லால் கடந்துவிடுகின்றன. நம் சூழலில் அதற்கு வேறு பெயர் உண்டு: எச்சில். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில், கிணற்றுக்குள் வீழ்ந்தவர் பண்ணையாளாகவும் கரையில் நின்றவர் நிலவுடைமையாளராகவும் இருக்கும்போது, அல்லது இதற்கு நேர்மாறாக இருக்கும்போது, வாயோடு வாய் வைக்க வேண்டும் என்ற அறிவுரை எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது; செய்யப்படாத முதலுதவி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இந்திய மயக்கவியல் மருத்துவர் கழகம் 2017இல் பொதுமக்களுக்கென மார்பழுத்தம் மட்டுமே கொண்ட முறையைப் பரிந்துரைத்தபோது எளிமையே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது. அம்மாற்றம் எச்சில் என்ற தடையையும் சத்தமின்றி அகற்றியது என்பது சமூக வரலாற்று நோக்கில் சிறிய செய்தியன்று.

மாரடைப்பு என்னும் சொல்

2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 ஊர்திச் சேவை, மருத்துவரைக் காத்திருக்கும் நேரத்தைச் சுருக்கியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. இவை பெரும் முன்னேற்றங்கள். ஆயினும் இதயம் நின்றபின் கழியும் ஒவ்வொரு நிமிடமும், மார்பழுத்தம் இல்லையேல், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கணிப்பு. அந்நிமிடங்களை ஆள்வது அருகில் இருப்பவரின் சொல்லறிவு.

நாளிதழ்கள் ‘மாரடைப்பால் மரணம்’ என எழுதும் சொல் இரண்டு வெவ்வேறு நிலைகளைக் குறிக்கிறது. இதயக் குருதிக்குழாய் அடைபட்டு நெஞ்சு வலிக்க விழித்திருக்கும் நிலை ஒன்று. அவரை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதயம் துடிப்பை இழந்து, அழைத்தால் பதிலின்றி, மூச்சின்றிக் கிடக்கும் நிலை மற்றொன்று. அவரை அவ்விடத்திலேயே கிடத்தி மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்தில் அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது செயலும் ஒன்றாகிவிடுகிறது: தூக்கிக் காரில் போடு. மின் அதிர்ச்சிக்கு ஆளானவரோ இரண்டாம் நிலையினர். அவரைக் குறிக்கும் ‘ஷாக் அடித்துவிட்டது’ என்ற தொடரில் இதயமே இடம்பெறுவதில்லை. ‘இதய இயக்க மீட்பு’, ‘இதய நுரையீரல் மீட்பு’ எனப் பல மொழியாக்கங்கள் இருந்தும் எதுவும் ஊர்ப்பேச்சில் நிலைபெறாமல் ‘சி.பி.ஆர்.’ என்ற எழுத்துச் சேர்க்கையே வழங்குகிறது.

‘செயற்கைச் சுவாசம்’ என்ற பழைய சொல்லை முற்றிலும் கைவிடவும் இயலாது. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது உயிர்வளி இன்மையால் என்பதால், அவருக்கு மார்பழுத்தம் மட்டும் போதாது. மூச்சும் ஊத வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் வீண். மின்சாரம் தாக்கியவருக்கு முதற்செயல் மின்னிணைப்பைத் துண்டித்தல், அடுத்தது மார்பழுத்தம். கிணற்றுத் திட்டில் அதிர்ச்சியுற்று நீரில் விழுந்தவருக்கு இவை அனைத்தும் தேவை, இந்த வரிசையிலேயே தேவை. அவ்வரிசையைக் கிணற்றடியில் எழுதி வைக்குமாறு சொன்ன விதி இல்லை.

உதவ முன்வருவோரின் சட்டப் பாதுகாப்பிலும் இதே எல்லைக்கோடு தென்படுகிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிகளும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்குகளிலிருந்து காக்கின்றன. அவை சாலை விபத்துக்கு உரியவை. வரப்பில் ஒருவரின் மார்பை அழுத்தி விலா எலும்பு முறிந்தால், அழுத்தியவர் சார்ந்து நிற்க வேண்டியிருந்தது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவை. இசைவு பெறவியலாத நிலையில் நல்லெண்ணத்தோடு ஒருவரின் நன்மைக்காகச் செய்த செயல் குற்றமாகாது என்பது அதன் சாரம். பைக்காராவிலிருந்து மின்கம்பி இறங்குவதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட பிரிவு அது.